மிசின் பேச்சு

காங்கேயத்துக்குக் கிழக்கே மேட்டுக்கரைப்புதூர் என்று ஓர் ஊர் உண்டு. நிலம் வாங்குகிறவர்களையும் விற்கிறவர்களையும் தவிர வேறு யாருக்கும் அந்த ஊரில் வேலை கிடையாது, ஏனென்றால் அங்கே இருப்பதெல்லாம் ஒரு சார்பதிவாளர் அலுவலகமும், அதைச் சுற்றிப் பதினான்கு பத்திரக்கடைகளும், ஒரு பேக்கரியும்தான். அந்தப் பதினான்கில் பேக்கரியை ஒட்டி இருந்தது சென்னியப்பர் கடை. அந்தக் கடையில் மேசைக்கு அடியில், சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு அழியாமல், ஒரு கம்ப்யூட்டர் பொட்டி இருந்தது. அந்தப் பொட்டிக்குள் சூட்டைத் தணிப்பதற்காக உள்ளங்கை அகலத்தில் ஒரு காற்றாடி இருந்தது. அந்தக் காற்றாடி போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பேச ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள், எழுதிப் பார்க்க மட்டும் ஒன்றிரண்டு பேர் வருவார்கள். தெருவில் இரைச்சல் இல்லாததால் அது பேசியது எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது.

அதற்கு முன்னால் ஒரு மாதமாகவே அது சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. முதலில் கொர்ர் என்று ஓர் உறுமல், அப்புறம் மாவு மில்லில் பெல்ட் ஓடுகிற மாதிரி ஓர் அரைப்பு, அப்புறம் ஒரு நாள் தொண்டையைச் செருமுவது போல ஒன்று. டைப் அடிக்கிற கலாமணி கால் பெருவிரலால் பொட்டியை ஒரு தட்டுத் தட்டுவாள், அது சித்த நேரம் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். அன்றைக்கு வாய்க்கால்மேட்டு ராசப்பன் தன்னுடைய காட்டை வெள்ளகோவில்காரர் ஒருவருக்கு விற்பதற்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். "தங்கமான பூமிங்க, கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடினார். உடனே மேசைக்கு அடியில் இருந்து அவருடைய குரலிலேயே, "எண்ணூறு அடி போர் போட்டும் பொகைதான் வந்துச்சு, இந்த மசையனுக்கு அது தெரியாது" என்று கேட்டது.

வாங்க வந்தவர் ராசப்பன் வாயைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. குனிந்து பொட்டியைப் பார்த்தார். கடையில் இருந்த மற்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். மிசின் பேசுகிறதே என்று அங்கே ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று இருந்தது. பெற்ற பிள்ளையைக்கூட "வாங்க, போங்க" என்று கூப்பிடுகிற சீமை இது. கடன்காரனை வைவதென்றாலும் கடைசியில் ஒரு 'ங்க' போட்டுத்தான் வைவோம்.

"என்னுங்க சென்னியப்பா, உங்க மிசின் ஒரு 'ங்க' கூட இல்லாம பேசுதுங்க?" என்றார் வெள்ளகோவில்காரர், மனம் மிகவும் நொந்துபோய். காட்டை அவர் வாங்கவில்லை. ஆனால் கடைசிவரை அவர் குறைப்பட்டுக்கொண்டது தண்ணீரைப் பற்றி அல்ல, மரியாதையைப் பற்றித்தான்.

சாயங்காலம் மெக்கானிக் ரபீக்கைக் கூட்டிவந்தார்கள். ரபீக் ஊரில் உள்ள பதினான்கு கடை மிசின்களையும் பார்க்கிறவர். பொட்டியைத் திறந்ததும் காற்றாடியைச் சுற்றி மெத்தைப் பஞ்சு மாதிரிச் சாம்பல் நிறத்தில் விரல் கனத்துக்குத் தூசு அப்பியிருந்தது. அதை அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"காத்தாடி சத்தம் போடறதுக்கு நாலஞ்சு காரணம் இருக்குதுங்க" என்றார். "எண்ணெ வத்திப்போனா கீச்சுன்னு கத்தும். உள்ள ஒயரு தட்டுச்சுன்னா டிக்டிக்குன்னு வரும். பொட்டியச் செவுத்தோட ஒட்டி வெச்சா மூச்சு முட்டி எரையும். அளவுக்கு மீறி வேலை குடுத்தா சூடாகி வெசயா ஓடும். தூசு அடைச்சா கொர்ருங்கும். இது தூசுதானுங்க. ஆனா இது மண்ணுத் தூசு இல்லீங்க."

"வேற என்ன தூசு?" என்றார் சென்னியப்பர்.

"முழுங்குன பேச்சுங்க. வாயில வர்ற பேச்சு காத்தோட போயிரும். வாய் வரைக்கும் வந்து முழுங்குன பேச்சு எங்க போகும்? பெருமூச்சாத்தான் வெளிய வரோணும். காத்தாடி அந்த மூச்சத்தானே இழுக்குது? பத்திரக்கடையில ஒரு நாளைக்கு எத்தனை பேரு எத்தனை பேச்ச முழுங்கறாங்க. ஒன்பது வருசத்து மிசினுங்க இது. நெறஞ்சுபோச்சு, இப்ப வெளிய தள்ளுது."

இதைக் கேட்டு யாரும் மறுத்துப் பேசவில்லை. காத்துவாக்கில் கேட்டது என்று நாமே சொல்வதில்லையா. காற்று எதையோ தூக்கிக்கொண்டு திரிகிறது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். தூசியை ஊதித் தள்ளிவிடலாமா என்று கேட்டார் சென்னியப்பர். "ஊதுனா அத்தனையும் ஒரே நேரத்துல பேசுமுங்க, ஊரு தாங்காது" என்றார் ரபீக். காற்றாடியை மாற்றலாமென்றால் அந்த மாடலுக்குக் காற்றாடி வருவது நின்று நாலு வருஷம் ஆகிவிட்டதாம். கடைசியில் தையல் மிசினுக்கு விடுகிற எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு மூடினார்.

எண்ணெய் வேலை செய்தது. மறுநாள் காலையில் அது பேசிய முதல் பேச்சு, "நீங்க ஒரு ஆகாவழிங்க, உங்க மூஞ்சில முழிச்சாலே அன்னைக்கு வெளங்காதுங்க" என்பது. அது நங்கூரம் பாய்ச்சிய மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதரைப் பார்த்து அவருடைய சம்பந்தி மனதுக்குள் சொன்னது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' இருந்தது. இனிமேல் குறைசொல்ல ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது.

ஊர் ஒரு அதிசயத்தைச் செரித்துக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும்? மேட்டுக்கரைப்புதூருக்குப் பத்து நாள் ஆனது. முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பேக்கரியில் தேங்காய் பன் போதவில்லை. மூன்றாவது நாள் மற்ற பதின்மூன்று கடைக்காரர்களும் பொறாமையில் தங்கள் மிசின்களை ஒட்டடைக்கு நடுவில் வைத்தார்கள், ஒருவர் சாம்பல்கூடத் தூவினார்; அவற்றுக்கு இருமல் வந்ததே தவிரப் பேச்சு வரவில்லை. எதிரே சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்து டீ குடிக்க வருகிறவர்கள் சென்னியப்பர் கடையின் வழியாக வராமல் பின்சந்து வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். ஐந்தாவது நாள் ஒரு மருமகளும் மாமியாரும் தானப்பத்திரம் எழுத வந்தார்கள், இருவரும் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, மருமகள் குரலில் மிசின், "இன்னும் எத்தனை நாளைக்குங்க அத்தை இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டது. மருமகள் கொஞ்சமும் அசரவில்லை.

"மிசின் சொல்லுதுங்க அத்தை" என்றாள்.

"எனக்குத் தெரியாதா சாமி. மிசினுக்கு என்ன தெரியும்" என்றாள் மாமியார்.

இருவரும் கையைப் பிடித்தபடியே பேக்கரிக்குப் போனார்கள். மாமியார் மட்டும் பன்னைத் தொடவில்லை.

அன்றைக்குப் பிறந்ததுதான் அந்த வழக்கம். அதற்கு 'மிசின் பேச்சு' என்று பெயர். யாருடைய குரலில் எது வந்தாலும் அந்த ஆள் சிரித்த முகத்தோடு "மிசின் சொல்லுதுங்க" என்பார். கேட்டவரும் சிரித்த முகத்தோடு "அதுக்கென்னுங்க" என்பார். விஷயம் அங்கேயே முடிந்துபோகும். பத்திர எழுத்தர் சங்கத்தில் கூடி, மிசின் பேச்சு பேச்சாகாது, அதை வைத்து யாரும் யார்மீதும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானமே போட்டார்கள். உண்மையை ஒளித்துவைத்தால்தான் பொய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நடுவீட்டில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நீ உண்மை இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்பதை எங்கள் ஆட்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனாலும் ஒரு மாற்றம் வந்தது. எப்படியும் மிசின் சொல்லத்தான் போகிறது என்று தெரிந்துபோனதால், சில்லறை விஷயங்களை ஆட்கள் முழுங்குவதை விட்டுவிட்டு நேராகவே சொல்ல ஆரம்பித்தார்கள். 'உங்க காப்பி நல்லாவே இல்லீங்க', 'உங்க பையனுக்கு எம்புள்ளையக் குடுக்கமாட்டனுங்க' என்கிற அளவுக்குப் பேச்சு முன்னேறியது. அதனால் காற்றாடிக்குப் புதுத் தூசு வருவது குறைந்தது. புதுசு குறையவும் அது பழசைத் தோண்ட ஆரம்பித்தது. மேலே படிந்தது முதலில் வந்தது, அதற்கு அடியில் இருந்தது அடுத்து வந்தது. பங்குனி பிறந்தபோது போன வருஷத்துப் பேச்சு வந்தது, பங்குனி முடிவதற்குள் நாலு வருஷத்துக்கு முந்தின பேச்சு வந்தது. இறந்துபோனவர்கள் குரல்கூட வந்தது. குடும்பத்தார் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அப்பச்சி அப்பவும் மோட்டாரைப் பத்தித்தான் நெனச்சிருக்காருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே, ஒரு வார்த்தையும் சொல்லாமல், டைப் அடித்துக்கொண்டிருந்தாள் கலாமணி. நாற்பத்து மூன்று வயது. கணவர் பனியன் கம்பெனியில் தையல்காரர், ஒரே மகள் காலேஜில் முதல் வருஷம். வாடகைக்கு லைன் வீட்டில் இருந்தார்கள், கல்யாணமானதில் இருந்து அது ஆறாவது வாடகை வீடு. அந்தப் பொட்டியை அட்டைப் பெட்டியில் இருந்து பிரித்த நாளில் இருந்து அதன் முன்னால் உட்காருகிறவள் அவள்தான். காற்றாடிக்கு எல்லோரையும்விடப் பக்கத்தில் இருந்தவள். ஆனால் அதுவரைக்கும் மிசின் அவள் குரலில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

"உம்பட மனசுல ஒன்னுமே இல்லை போ அம்மிணி" என்பார் சென்னியப்பர். "வெள்ளந்தி. மிசினே சாட்சி."

கலாமணி சிரித்துக்கொள்வாள். அவளுக்குத் தெரியும், தன்னுடையது எங்கே இருக்கிறதென்று. அது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பொட்டி வந்த முதல் நாள், அவளுடைய அப்பா காலமாகி முப்பதாம் நாள் காரியம் கும்பிட்ட கையோடு, அவள் அண்ணன் லோகநாதன் வாரிசுச் சான்றிதழ் மனு எழுத வந்திருந்தார். மனுவை அவளே டைப் அடித்தாள். "பூமியில தங்கச்சிக்குப் பங்கு எப்பிடிங்க?" என்று சென்னியப்பர் கேட்டார். லோகநாதன் ஒரு கபடமும் இல்லாமல், "அம்மிணிக்கு ஒன்னும் வேண்டாமுங்க, அது என்னைக்குக் கேட்டிருக்குது?" என்றார். கலாமணி வாயைத் திறந்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு அடுத்த வரியை அடித்தாள். புதுக் காற்றாடி முதன்முதலில் இழுத்த மூச்சு அதுதான்.

லோகநாதன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் சுலபம், ஒரு வக்கீலோடு முடிந்திருக்கும். ஒவ்வொரு நோம்பிக்கும் சேலையும் வாழைத்தாரும் முறுக்குமாகச் சீர் எடுத்து வருகிறவர். தங்கை மகள் காது குத்துக்கு மடியில் உட்காரவைத்துக் கண் கலங்கியவர். ஆனால் எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: பிறந்த வீட்டில் பங்கு வாங்கியவளுக்குச் சீர் கிடையாது. பங்கு கேட்டால் அந்த வாசல் அடைத்துக்கொள்ளும், நாளைக்கு மகள் கல்யாணத்தில் தாய்மாமன் இடம் காலியாக நிற்கும். அதற்குப் பயந்துதான் கூடப்பிறந்த பெண்கள் எல்லாம் வரிசையாக வந்து, தங்களுக்குப் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கலாமணி தன் கையால் அந்த மாதிரி முந்நூறு பத்திரமாவது அடித்திருப்பாள். 'யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி மனப்பூர்வமாக' என்கிற வரியை அவளால் தூக்கத்திலும் பிழையில்லாமல் அடிக்க முடியும். அவளுக்கு வேண்டியிருந்தது பூமியில் பாதிகூட இல்லை. கிணற்றோரம் ஆறு செண்டு. ஒரு வீடு கட்ட. ஏழாவதாக ஒரு வாடகை வீடு பார்க்காமல் இருக்க.

சித்திரையில் லோகநாதன் வந்தார். சொட்டுநீர் மானியத்துக்குப் பட்டா ஒரே பெயரில் வேண்டும் என்கிறார்கள், தங்கச்சி ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது, வைகாசி பன்னிரண்டு நல்ல நாள் என்றார். சென்னியப்பருக்கே சங்கடமாக இருந்தது. வேறு கடையில் எழுதிக்கொள்ளலாமே, இங்கே மிசின் ஒரு மாதிரி என்று சொல்லிப் பார்த்தார்.

"அதுக்குத்தானுங்க இங்க வந்தது" என்றார் லோகநாதன். "தங்கச்சியக் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கிட்டான்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக்கூடாது பாருங்க. ஒறம்பரைல நாலு பேரையும் கூட்டிட்டு வர்றேன். எந்தங்கச்சி மனசுல ஒன்னுமில்லைன்னு மிசினே சும்மா இருந்து காட்டட்டும்."

கலாமணி அன்றைக்கு ஒரு கணக்குப் போட்டாள். மிசின் ஏழு வருஷத்துக்கு முந்தின பேச்சைத் தோண்டிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒன்பது பத்து மாதம் பின்னால் போகிறது. வைகாசி பன்னிரண்டுக்குச் சரியாக அடியைத் தொடும். ரபீக் வந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"அடியில இருக்கறத மட்டும் சொரண்டி எடுத்தர முடியுங்களா தம்பி?"

ரபீக் அவள் முகத்தைப் பார்த்தார். யாருடையது என்று கேட்கவில்லை. "முடியாதுங்கக்கா" என்றார். "அது அச்சோட ஒட்டிக் கெட்டியாயிருச்சு. மேல இருந்ததெல்லாம் அதும்மேல ஒட்டுனதுதான். முதல்ல சத்தம் வந்ததே அதனாலதானுங்க."

வைகாசி பன்னிரண்டு வந்தது. லோகநாதன் வெள்ளை வேட்டியில் வந்தார். இரண்டு சாட்சிகள், நான்கு உறவுக்காரர்கள். அவர் மனைவி வரவில்லை, கையெழுத்து ஆனதும் விருந்து என்று வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். கடை பெஞ்சில் வேறு மூன்று பெண்கள் தங்கள் தங்கள் அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்திருந்தார்கள், நல்ல நாள் இல்லையா, அவர்களும் விடுதலைப் பத்திரத்துக்குத்தான் வந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார். ரபீக்கும் வந்து ஓரமாக நின்றார்.

கலாமணி தன் பத்திரத்தைத் தானே அடித்தாள். தன் பெயரை, தகப்பன் பெயரை, காட்டின் நான்கு எல்லைகளை அடித்தாள். கீழ்புறம் கிணறு என்று அடித்தபோது மிசின், ஒன்பது வருஷத்துக்கு முந்தின யாருடையதோ கடைசிப் பொருமல் ஒன்றைக் கக்கியது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. 'யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி' என்று அடித்தாள். காற்றாடி நின்று, செருமி, மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"அண்ணா" என்றது.

அது கலாமணியின் குரல். ஒன்பது வருஷம் இளமையான குரல், அப்பா செத்த அழுகையில் இன்னும் கொஞ்சம் கம்மியிருந்தது. கடையே முன்னால் சாய்ந்தது. லோகநாதன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

அடுத்தது என்ன வரும் என்று கலாமணிக்குத் தெரியும். அதற்கு அடுத்தது என்ன வரும் என்பதும் தெரியும்: தன் வாயே தன்னைக் கேட்காமல், 'மிசின் சொல்லுதுங்கண்ணா' என்று சிரித்துக்கொண்டே சொல்லும், அண்ணனும் மூச்சுவிட்டு, 'அதுக்கென்ன அம்மிணி' என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், காகிதம் வெளியே வரும், கையெழுத்துப் போடுவாள். ஒன்பது வருஷம் முழுங்கிய பேச்சு ஒரு நிமிஷத்தில் மிசின் பேச்சாகி, பேக்கரியில் பன்னோடு முடிந்துபோகும். குனிந்தாள், மேசைக்கு அடியில் கையை விட்டாள், பொட்டியின் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாகப் பிடுங்கினாள்.

காற்றாடி நின்றது. அந்தக் கடையில் அப்படி ஓர் அமைதியை மூன்று மாதமாக யாரும் கேட்டதில்லை.

"அது சொல்ல வேண்டாமுங்க. நானே சொல்றேன்" என்றாள். "எனக்குப் பங்கு வேணுமுங்கண்ணா. கெணத்தோரம் ஆறு செண்டு."

முதலில் பேசியது சென்னியப்பர். "சேவ் பண்ணுனியா அம்மிணி?" என்றார் ஈனசுரத்தில்.

"இல்லீங்க."

"ஒரு மணி நேரம் அடிச்ச பத்திரம்."

"போச்சுங்க."

லோகநாதன் பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று பெண்களும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டினார். உறவுக்காரர்களில் மூத்தவர் ஒருவர், எங்கேயும் இப்படி ஒருவர் இருப்பாரே, அவர் நிதானமாக, "பங்கு வாங்குனா சீர் கெடையாது, அது தெரியுமல்லோ?" என்றார்.

"சீரும் வேணுமுங்க" என்றாள் கலாமணி. "எம்புள்ள கல்யாணத்துக்கு அண்ணன் வந்து நிக்கோணும். பங்குக் கணக்குல அதச் சேக்காதீங்க. ரெண்டும் வேணும்."

அந்த ஊரில் அதற்கு முன் யாரும் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. ஒன்று வேண்டும் என்பார்கள், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். ரெண்டும் வேண்டும் என்று ஒருத்தி கேட்கலாம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஒன்பது வருசமா ஏன் சொல்லலை?" என்றார் லோகநாதன். குரல் உடைந்திருந்தது, கோபமா வருத்தமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நீங்க கேக்கலீங்களே."

"கேட்டிருந்தா?"

கலாமணி யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பனுங்க."

"அப்பறம் நான் என்னத்தப் பண்றது?"

"இப்பக் கேளுங்க."

லோகநாதன் கூட்டத்தைப் பார்த்தார், சாட்சிகளைப் பார்த்தார், செத்துக் கிடந்த பொட்டியைப் பார்த்தார். ஒரு பெரிய மூச்சை இழுத்தார். "அம்மிணி, உனக்கு நம்ம பூமியில பங்கு வேணுமா?" என்று கேட்டார்.

"வேணுமுங்க."

"கெணத்தோரம் முடியாது. அது நான் படிக்கறப்ப இருந்து வாழை வெக்கற எடம்."

"நீங்க வெச்சீங்க. தண்ணி கட்டுனது நானுங்க."

"எப்பக் கட்டுன?"

"நான் ஒன்பதாவது படிக்கறப்ப, முழுப்பரிச்ச லீவுலங்க. நீங்க கிரிக்கெட் ஆடப் போயிட்டீங்க, அப்பாகிட்ட நாந்தான் மறச்சனுங்க."

"அது ஒரு நாளு."

"ஒரு மாசமுங்க."

இருபது வருஷமாக 'நல்லாருக்கீங்களா, சாப்பிட்டீங்களா' என்பதைத் தவிர வேறு பேசாத அண்ணனும் தங்கையும் அன்றைக்கு மத்தியானம் தொடங்கி அலுவலகம் மூடுகிற வரைக்கும் சண்டை போட்டார்கள். கிணறு, வாழை, யார் சைக்கிளை யார் உடைத்தது, அம்மாவின் தோடு எங்கே போனது, அப்பா கடைசியில் யார் பெயரைச் சொன்னார் என்று ஒன்று விடவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் 'ங்க' போட்டாள், அதில் மட்டும் குறையே சொல்ல முடியாது. இடையில் லோகநாதன் ஒரு முறை அழுதார், இரண்டு முறை எழுந்து வெளியே போய்விட்டு, மறந்துபோன பாயிண்டு ஒன்று ஞாபகம் வந்து திரும்பி வந்தார். பெஞ்சில் இருந்த மூன்று பெண்களும் தங்கள் கூடப்பிறந்தவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். அந்த நல்ல நாளில் மேட்டுக்கரைப்புதூரில் ஒரு விடுதலைப் பத்திரமும் பதிவாகவில்லை. சென்னியப்பர் அன்றைக்கு ஒயரைத் திரும்பச் செருகவே இல்லை. மறுநாள் செருகினபோது காற்றாடி வெறும் காற்றாடியாக, பூனை நடக்கிற மாதிரி ஓடியது. ரபீக் திறந்து பார்த்து அச்சு வரைக்கும் சுத்தம் என்றார். அவளுடையது மிச்சம் இருந்திருக்க வேண்டுமே, எங்கே போனது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒருவழியாகக் கிணறு பொதுவில், ஆறு செண்டு அதன் வடக்குக் கரையில், வாழை இந்தத் தார் வெட்டுகிற வரை லோகநாதனுக்கு என்று முடிந்தது. பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அவர் சென்னியப்பரிடம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு வெளியே போய் வண்டியை எடுத்தார், எடுத்தவர் அப்படியே நின்றார்.

"ஏறு அம்மிணி. வூட்டுக்குப் போலாம்" என்றார்.

"எதுக்குங்கண்ணா? அதான் பேசி முடிச்சாச்சே."

"உங்க அண்ணி காலைல இருந்து சமைச்சு வெச்சுட்டுக் காத்திருக்கறா. இத அவகிட்ட யாரு சொல்றது?" லோகநாதன் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீயே வந்து சொல்லிரு. எனக்குப் பயமா இருக்குது."

கலாமணி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"போங்க, சொல்றேன்" என்றாள்.